கால் நனையாத பயணம்

மே 4, ஞாயிறு

மூன்று நாள் லீவு கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போடும்போது மேலாளர், எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். கோயில் இல்லை சார், சும்மா சுற்றிப் பார்க்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதினேழு வருடமாக அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து ஊர்ப்பட்ட பஸ்ஸையெல்லாம் அனுப்பி வைக்கிறேன். நான் ஒரு தடவை ஊர் சுற்றப் போனால் குடியா முழுகிவிடும்?

போன மாதம் மதுரை டாக்டர் என் ஃபைலை மூடி மேசையில் என் பக்கமாகத் தள்ளிவிட்டார். இத்தோடு போதும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். மூன்று தடவை தங்கியது, மூன்று தடவையும் போனது. அன்றைக்கு மதுரையிலிருந்து வீடு வரும்வரை இவர் காரை ஓட்டிக்கொண்டே வந்தார். காரியாபட்டி தாண்டும்போதே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் மரத்தில் தொட்டில் கட்டுவதில்லை, மண்சோறு சாப்பிடுவதில்லை. எந்தச் சாமியிடமும் எதையும் கேட்காமல் ஒரே ஒரு தடவை ஒரு ஊருக்குப் போய்வர வேண்டும்.

அதற்குத்தான் ராமேஸ்வரம் தீவு. எல்லோரும் கோயிலுக்குப் போகிற ஊருக்குக் கோயிலைப் பார்க்காமல் போய்வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. கடலோரமாகவே போய்க் கடலோரமாகவே திரும்புவோம்.

இன்று மத்தியானம் நிறுத்தங்களைப் போட்டேன். பஸ்ஸுக்குப் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நிழல் வேண்டும், டீ வேண்டும், பெண்கள் ஒதுங்க இடம் வேண்டும். முதலில் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை, சவுக்குத் தோப்பில் கட்டுச்சோறு. அப்புறம் பாம்பன் பாலத்தின் நடுவில், போலீஸ்காரர் விரட்டும்வரை. தீவுக்குள் குந்துகால், பிறகு கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர் ஊறுகிற வில்லூண்டிக் கிணறு. கடைசி நாள் தனுஷ்கோடி, அதைத் தாண்டி ரோடு முடிகிற அரிச்சல்முனை. அங்கே இரண்டு பேரும் கடலில் இறங்கி, கை கால் ஊறி வெளுக்கும்வரை கிடக்க வேண்டும்.

இவருக்குக் கடல் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் திருச்செந்தூரில் தண்ணீரை விட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்த மனிதர்.

மே 6, செவ்வாய்

இவர் தேனியிலிருந்து வந்தார். விதைக் கம்பெனி வேலை, வாரத்தில் பாதி நாள் தேனி, கம்பம் பக்கம்தான். நிறுத்தங்களைக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். குளியல் மட்டும் வேண்டாமாம். உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

பொங்கலிலிருந்து தாடி வேறு. கேட்டால் தோலில் அலர்ஜி, பிளேடு படக் கூடாது என்கிறார். சாமியாரைக் கூட்டிக்கொண்டா டூர் போகிறாய் என்று ஆபீசில் ஜெயக்கொடி அக்கா கேலி செய்கிறாள். தோல் அலர்ஜிக்குத் தலைமுடியையும் வெட்டக் கூடாதா என்று அவளே கேட்டுவிட்டு, அவளே பேச்சை மாற்றினாள்.

மே 7, புதன்

சாயல்குடி வண்டிக்கு டிரைவர் வரவில்லை. பயணிகள் என்னைத் திட்டினார்கள். தலைவலி.

மே 9, வெள்ளி

பந்தல்குடிப் பெரியப்பா தவறிவிட்டார். இவருடைய அப்பாவுக்கு அண்ணன். அப்பா இல்லாத பிள்ளையைக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்த மனிதர்.

பாடையைத் தூக்கும் நேரத்தில் இவர் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். பெரியப்பா மகன் முருகையா பெயர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். முதுகுப் பிடிப்பு என்றார் இவர். அவனுக்கு முதுகு சரியில்லை, விட்டுவிடுங்கள் என்று இவருடைய அம்மா, என் அத்தை, கூட்டத்திலிருந்து முந்திக்கொண்டு சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் தோள் கொடுத்தான். எனக்குத்தான் கூசிப் போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் புது கேஸ் சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கி அடுப்படியில் வைத்தார்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் பாடை சுமக்கக் கூடாது, முடி மழிக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது, கடலைத் தாண்டவும் கூடாது. மீறினால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்பார்கள். முதல் இரண்டு தடவையும் இவர் அதைக் கடைப்பிடித்தார். மூன்றாவது தடவை எனக்கு ஐந்தாம் மாதம். இவருடைய சிநேகிதன் பைக்கில் அடிபட்டுச் செத்துப்போனான். ஊரே தடுத்தும் கேட்காமல் முதல் ஆளாகப் போய்த் தோள் கொடுத்தார். விவசாயம் படித்தவன், இந்த மூடநம்பிக்கையெல்லாம் என்னிடம் வேண்டாம் என்றார். அடுத்த வாரம் எனக்குப் போயிற்று. அத்தை பாடை என்றார். டாக்டர் கர்ப்பப்பை என்றார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

எதற்கு இதையெல்லாம் இன்றைக்கு எழுதுகிறேன்? மனிதருக்கு முதுகுவலி. வந்து வந்து போகிற வலி.

மே 11, ஞாயிறு

அத்தை டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பழைய நூல் சேலைகளையெல்லாம் வெளியே எடுத்து, வெந்நீரில் அலசிக் காயப்போட்டார். மாடி முழுக்கச் சேலை. எதற்கு என்று கேட்டேன். அடுப்படித் துணிக்கு என்றார். அடுப்படித் துணியை யார் வெந்நீரில் அலசுவார்கள்? மூட்டுவலியோடு இந்தம்மா மாடி ஏறுவதே அதிசயம். போன வருடம் அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது மூன்று மாதம் நான்தான் எல்லாம் எடுத்துப் போட்டேன். ஒரு படி ஏறவிடமாட்டேன்.

அந்த மாதிரிச் சேலை என்னிடமும் ஒன்று இருக்கிறது. அம்மா கட்டிக் கட்டி மெத்தென்று ஆன ஊதாப் பூச் சேலை. மூன்றாவது தங்கியபோது, பிள்ளையைச் சுற்ற ஆகும் என்று பீரோவின் அடித்தட்டில் எடுத்துவைத்தேன். அப்படியே கிடக்கிறது.

மே 13, செவ்வாய்

ராமேஸ்வரம் வேண்டாம், கொடைக்கானல் போவோம் என்கிறார். வெயிலாம். மே மாதம் வெயிலடிக்காமல் என்ன செய்யும்? அத்தையும் அவர் பக்கம். தீவு என்றால் கடலைத் தாண்டிப் போகணுமே, காலம் கெட்டுக் கிடக்கு என்று இழுத்தார். லட்சம் பேர் தினம் தாண்டுகிறார்கள் அத்தை என்றேன். அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது.

ராமேஸ்வரம்தான் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் நான் பிடிவாதம் பிடித்தது இதுதான் முதல் தடவை.

ராத்திரிச் சமையல் முடித்துவிட்டு நிறுத்தங்களைத் திருத்தினேன். வெறுமனே பார்க்கிற இடங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். பாலத்தைத் தவிர இப்போது தண்ணீரில் இறங்க முடியாத நிறுத்தம் ஒன்றுகூட இல்லை. கோயில் வேண்டாம் என்று சொன்ன நானே அக்னி தீர்த்தத்தையும் சேர்த்தேன். வேண்டுதலுக்கு இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்து அங்கே ஒரு முழுக்குப் போடுவது எல்லோரும் செய்வதுதானே. எங்களுக்கு என்ன தடை?

மே 15, வியாழன்

துணி எடுத்துவைத்தேன். இவருக்கு மாற்று வேட்டி நான்கு. நனையும் என்று.

மே 16, வெள்ளி

ராமேஸ்வரத்தில் லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாசனை. இவர் வெளியே போனில் இருக்கிறார்.

அரியமானில் சவுக்கு நிழலில் புளியோதரை சாப்பிட்டோம். அந்தக் கடலில் அலையே இல்லை, கோயில் தெப்பக்குளம் தேவலாம். நான் முழங்கால் வரைக்கும் இறங்கினேன். இவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. ஒரு குழந்தை பந்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு, மாமா எடுத்துக் குடுங்க என்றது. இவருக்கு எட்டுகிற தூரம்தான். போய் அந்தக் குழந்தையின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில், பாலம் ஏறுவதற்கு முன்னால் காரை ஓரம் கட்டினார். டீ சாப்பிடுவோம் என்றார். சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு ஒரு படகு மறைவுக்குப் போனார். காற்று என் பக்கமாக அடித்தது.

"பாலத்துல போறது தாண்டுறதாகாதுல்லம்மா?"

எதைப் பற்றிக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. அவர் திரும்பி வந்து, அம்மா சாப்பிட்டாச்சாம் என்றார்.

பாலத்தின் நடுவில் நிறுத்தவில்லை. ஜன்னலை ஏற்றிவிட்டு, கண்ணை ரோட்டை விட்டு எடுக்காமல், உதடு அசைய அசைய ஓட்டினார். அவ்வளவு நீலத்தை நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்துதான் பார்த்தேன். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட இடம். கார் இறங்கின பிறகு திரும்பிப் பார்த்தால் லாரிதான் தெரிந்தது.

மே 17, சனி

காலையில் அக்னி தீர்த்தம். கும்பல் கும்பலாக வடநாட்டுக்காரர்கள். புருஷன் மூக்கைப் பிடித்துக்கொள்ள, பெண்டாட்டி அவர் தோளைப் பிடித்துக்கொள்ள, மூன்று முழுக்கு. எல்லோருக்கும் அது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

நான் தண்ணீரில் நின்று கையை நீட்டினேன். இவர் படியில் நின்று, சளி பிடிச்சிருக்கு என்றார். முதலில் உப்பு ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் முதுகு, அதற்கப்புறம் வெயில், இப்போது சளி. இந்த மனிதருடைய உடம்பில் இனி என்னதான் பாக்கி? பூ விற்கிற அம்மாள் ஒருத்தி, வீட்டுக்காரரு வரலையா தாயி என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அவள் இவருடைய தாடியைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டே ஒரு முழம் மல்லிகையைச் சும்மாவே கொடுத்தாள். எத்தனை மாசம் என்று கேட்காமல் கேட்கிற சிரிப்பு. நான் அந்தப் பூவை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் நான் முழுகாமல் இருக்கிறவளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது.

வில்லூண்டியில் பாலம் வழியாகக் கிணறு வரைக்கும் வந்தார். குந்துகாலில் காரை விட்டே இறங்கவில்லை. நான் நிறுத்தம் நிறுத்தமாக இறங்கி, நனைந்து, ஏறினேன். சீட்டெல்லாம் உப்பு. துண்டை விரித்துக் கொடுத்தார். எப்போதும் நல்லபடியாகத்தான் நடந்துகொள்வார், அதுதான் தொல்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

மே 18, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கே இது நடக்கவில்லை என்று நானே என்னை நம்பவைத்துவிடுவேன்.

அரிச்சல்முனையில் ரோடு ஒரு வட்டம் போட்டு முடிந்துபோகிறது. அதற்கு அப்புறம் மணல், இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் தண்ணீர் தூங்குகிறது, மறுபக்கம் மலை மாதிரி எழும்பி விழுகிறது. பொரித்த மீன் விற்கிற அம்மாள் எனக்கு விளக்கம் சொன்னாள். அமைதியாகக் கிடப்பது பெண்கடல், அங்கே கால் நனைக்கலாம், இந்தப் பக்கம் ஆண்கடல், கிட்டேயே போகக் கூடாது.

நான் பெண்கடலில் இடுப்பு வரை இறங்கினேன். இவர் மணல் மேட்டில் ஷூவோடு நின்றார். இதுதான் கடைசி நிறுத்தம். இதற்கு மேல் ரோடும் இல்லை, என்னிடம் கேட்காமல் இருக்கிற தெம்பும் இல்லை. வெளியே வந்து, சொட்டச் சொட்ட அவர் முன்னால் போய் நின்றேன். நான் நெருங்க நெருங்க, என் சேலைத் தண்ணீர் மேலே படாமல் அவர் பின்னால் பின்னால் போனார். அப்படியே மேட்டைத் தாண்டி ஆண்கடல் பக்கம் இறங்கிவிட்டோம்.

"எத்தனை மாசம்?" என்றேன்.

அவர் கை தாடிக்குப் போயிற்று.

"ஏழு."

ஏழு என்றால், மதுரை டாக்டர் என் ஃபைலை மூடிய அன்றைக்கு ஆறு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாரே, அப்போது ஆறு. தேனியில் ஒரு நர்ஸாம். சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாராம், உன் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை என்றார். அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். பொங்கலுக்கே தெரியுமாம்.

எனக்கு அழுகை வரவில்லை. பாடைதான் ஞாபகத்துக்கு வந்தது.

"எனக்கு அஞ்சாம் மாசம் இருக்கும்போது தோள் குடுத்தீங்கள்ல. சொல்லச் சொல்லக் கேக்காம போனீங்கள்ல."

"அதனாலதான், தமயந்தி," என்றார்.

அதனாலதான். என் பிள்ளையில் பட்டுத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டதை அவள் பிள்ளைக்குச் செய்கிறார். இதை அவர் எனக்கு ஆறுதல் மாதிரிச் சொன்னார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரியப்பாவுக்குத் தோள் கொடுக்கவில்லை. தாடி மழிக்கவில்லை. மூன்று நாளாகத் தீவைச் சுற்றிவந்தும் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் மேலே படவில்லை. இனி அவர் முதுகுக்குப் பின்னால் கடல் மட்டும்தான். ஒரு கை வைத்துத் தள்ளினால் போதும். தள்ளக்கூட வேண்டாம், சும்மா நின்றாலே போதும். இதற்காகத்தானே நிறுத்தம் நிறுத்தமாகத் திருத்தி எழுதினேன். பொய் சொல்லமாட்டேன், அதற்காகத்தான் எழுதினேன். பிடித்து இழுத்து முக்கி எடுக்க வேண்டும் என்று வன்மத்தோடுதான் இத்தனை தூரம் வந்தேன்.

அப்போது அலை எழுந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அலையைப் பார்க்கவில்லை. மீன்கார அம்மாள் மேலேயிருந்து கத்தினாள். என் கை எப்போது அவர் சட்டையைப் பிடித்தது என்று எனக்கே தெரியாது. கொத்தாகப் பிடித்து மேட்டுப் பக்கம் இழுத்துத் தள்ளிவிட்டேன். அலை என் மேல் விழுந்தது. முழங்கால் மடங்கி மணலில் உட்கார்ந்துவிட்டேன், வாயெல்லாம் உப்பு. எழுந்ததும் முதலில் அவர் காலைத்தான் பார்த்தேன். ஷூ காய்ந்திருந்தது. பேன்ட் ஓரம் காய்ந்திருந்தது.

"நனையல," என்றேன்.

அவர் மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. என் மூன்றுக்கும் வராத புத்தி இந்தக் கைக்கு எங்கிருந்து வந்தது? அவள் யாரோ, அந்தப் பிள்ளை யாருடையதோ. ஆனால் அலை எழுந்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் வயிற்றில் ஏழு மாதத்தில் ஒன்று உதைத்துக்கொண்டிருக்கிறது. என்னிடம் எதுவுமே ஐந்தைத் தாண்டியதில்லை.

மீன்கார அம்மாள் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொடுத்தாள், முகம் கழுவினேன். திரும்பும்போது பாலத்தின் நடுவில் அவராகவே காரை நிறுத்தினார். நீ பார்க்கணும்னு சொன்னியே என்றார். நான் இறங்கவில்லை.

மே 19, திங்கள்

நேற்று ராத்திரி வந்து சேர்ந்தோம். இரண்டு பேரும் வழியில் பேசியது, பெட்ரோல் போடணும், போட்டுக்கோங்க, அவ்வளவுதான்.

காலையில் அவர் குளிக்கப் போயிருந்தார். நான் உப்பேறிய துணிகளை ஊறவைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து, பயணம் நல்லபடியா முடிஞ்சதா தாயி என்று கேட்டார். கேட்டுக்கொண்டே துணிகளுக்குள் அவருடைய வேட்டியைத் தேடினார். நான்கு வேட்டியும் மடிப்புக் கலையாமல் நாற்காலியில் இருந்தன.

"அவன் கடல்ல கிடல்ல இறங்கலயே?"

"இல்ல அத்தை. காலுகூட நனையல. நான் பாத்துக்கிட்டேன்."

அத்தைக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு வாளியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற இடுப்போடு, என் காலடியில் குனிய ஆரம்பித்தார். நான் நகர்ந்துவிட்டேன். தாயி, நான் என்ன செய்வேன், எனக்கும் ஒரு பேரப்பிள்ளை வேணும்னு இருக்காதா என்றார். இருக்கும். யாருக்குத்தான் இருக்காது? எனக்கு இவர்களை வெறுக்கவாவது முடிந்தால் நன்றாக இருக்கும்.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஜெயக்கொடி அக்கா, கடல் எப்படி இருந்துச்சு என்றாள். இரண்டு பக்கமும் இருந்தது என்றேன். ராமேஸ்வரம் போகிற பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பினேன். அம்மா வீடு என்று ஒன்று இருந்தால் அதிலேயே ஏறி எங்காவது மாறிப் போயிருப்பேன். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது, வீட்டைத் தம்பி விற்றுவிட்டான்.

சாயங்காலம் மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் அத்தை நூல் சேலைகளை மறுபடியும் அலசிப் போட்டிருந்தார். ஒரே நாளில் இரண்டாவது தடவை அவரால் ஏற முடியாது, இவர் வீட்டில் இல்லை. நானே எடுத்தேன். ஒவ்வொன்றாக நான்காக மடித்து அடுக்கினேன். வெயில் குடித்து எல்லாம் கதகதவென்று இருந்தன. கடைசிக் கொடியில் ஊதாப் பூச் சேலை கிடந்தது. நான் ஊரில் இல்லாத மூன்று நாளில் அத்தை என் பீரோவின் அடித்தட்டு வரைக்கும் வந்திருக்கிறார்.

அதை மட்டும் மடிக்காமல் மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் வைத்துப் பார்த்தேன், அம்மா வாசனை போய்விட்டது, வெறும் சோப்பு வாசனைதான். தூறல் விழ ஆரம்பித்தது. அதையும் நான்காக மடித்து, மற்றதோடு சேர்த்து மேலே வைத்துக் கீழே கொண்டுவந்தேன்.